முதல் ஹீட் முடிந்துவிட்டது... இனி குட்டி எடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்: பெரிய இன நாய்கள்

எங்கள் லாப்ரடார் பெட்டைக்கு 17 மாதம் ஆகிறது. 10-ஆவது மாதத்தில் முதல் ஹீட் (சினைப் பருவம்) வந்தது, இப்போது இரண்டாவது. முதல் ஹீட்டை விட்டுவிட்டு இரண்டாவதில் மேட்டிங் விடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடுத்த தெருவில் கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) பேப்பரோடு அழகான ஆண் லாப்ரடார் இருக்கிறது. ஒரு குட்டி கொடுத்தால் போதும் என்கிறார்கள். சேர்க்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

இந்த ஹீட்டில் வேண்டாம்.

'இரண்டாவது ஹீட்' கணக்கு சின்ன இன நாய்களுக்கு ஓரளவு பொருந்தும். அவை ஒரு வயதுக்குள்ளேயே எலும்பு வளர்ச்சியை முடித்துவிடும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர் போன்றவற்றில் கர்ப்பப்பை முந்திக்கொள்ளும், எலும்பும் குணமும் பின்னால் வரும். நீள எலும்புகளின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடவே ஒன்று முதல் ஒன்றரை வயது ஆகும், மிகப் பெரிய இனங்களில் இன்னும் தாமதம். உடம்பில் தசை கூடுவது அதற்கும் பிறகு. ஹீட் வந்ததால் சினை பிடிக்கும் என்று மட்டும்தான் தெரிகிறது. அந்த நாயிடமிருந்து குட்டி எடுக்கலாமா என்பது தனிக் கேள்வி.

சட்டப்படியும் 17 மாதம் போதாது. நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் குறைந்தது 18 மாதம் என்கின்றன. அது அடிமட்ட வரம்பு. பெரிய இனத்துக்கு 24 மாதம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இடுப்பு மூட்டு. எக்ஸ்-ரே பார்த்து மூட்டுக்குத் தரம் கொடுக்கும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு, இறுதித் தரத்தை 24 மாதம் நிறைந்த பிறகுதான் தரும். அதற்கு முன் எடுத்தால் தற்காலிகத் தரம்தான். 17 மாதத்தில் சேர்த்துவிட்டு 24 மாதத்தில் மூட்டு மோசம் என்று தெரிந்தால், அதற்குள் எட்டுக் குட்டிகள் எட்டு வீடுகளில் வளர்ந்துகொண்டிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியவை. முதல் ரத்தத்துளி பார்த்த தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அன்றிலிருந்து மூன்று வாரம் முழுதாக, முடிந்தால் நாலு வாரம், வாசலில்கூடத் தனியாக விடாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். ரத்தம் வெளிறி, வைக்கோல் நிறத் திரவமாக மாறியதும் 'ஹீட் முடிந்தது' என்று மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ விட்டுவிடுவார்கள். உண்மையில் அந்த நாட்களில்தான் சினை பிடிக்கும். வாலை ஒரு பக்கம் ஒதுக்கி நின்றால் அது ஆணை ஏற்கத் தயார் என்று அர்த்தம்.

அடுத்த ஹீட் ஏறத்தாழ 24-ஆவது மாதத்தை ஒட்டி வரும். எக்ஸ்-ரேயை ஹீட் நேரத்தில் எடுக்கக் கூடாது, ஹார்மோனால் மூட்டு தளர்ந்து உள்ளதைவிட மோசமாகக் காட்டலாம். ஹீட் முடிந்து ஒரு மாதமாவது போகட்டும். அதனால் 24 மாத ஹீட்டையும் விட்டு, எக்ஸ்-ரே எடுத்து, அதற்கடுத்த ஹீட்டில் சேர்ப்பதுதான் நிதானமான கணக்கு. இரண்டரை வயதில் முதல் ஈற்று லாப்ரடாருக்குத் தாமதமே இல்லை.

லாப்ரடாருக்கு இடுப்போடு முழங்கை மூட்டு எக்ஸ்-ரே, கண் பரிசோதனை, இரண்டு டி.என்.ஏ. சோதனைகளாவது வேண்டும். ஒன்று பி.ஆர்.சி.டி. என்ற விழித்திரை நோய்க்கு. இன்னொன்று ஈ.ஐ.சி., அதாவது ஓடி விளையாடும்போது பின்னங்கால் துவண்டு விழும் நோய்க்கு. இரண்டுமே ஒடுங்கு மரபணு நோய்கள். ஒரு பிரதி மட்டும் உள்ள நாய் நோயின்றி இருக்கும், ஆனால் குட்டிக்குக் கடத்தும். அப்படி இரண்டு நாய்கள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்று கடத்தி, மற்றது சுத்தம் என்றால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. ஆகவே கடத்தி என்று வந்தாலே நாயை ஒதுக்க வேண்டியதில்லை, ஜோடியைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பேப்பர் பற்றி ஒரு வார்த்தை. கே.சி.ஐ. பேப்பர் அப்பா, அம்மா, தாத்தா யார் என்று சொல்லும். மூட்டு, கண், குணம் பற்றி எதுவும் சொல்லாது. அடுத்த தெரு நாயின் எக்ஸ்-ரேயைக் கேளுங்கள். 'எங்க நாய் சூப்பரா ஓடும் மேடம்' என்று பதில் வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

ஜெர்மன் ஷெப்பர்டு, ஆண், 26 மாதம். இடுப்பு எக்ஸ்-ரேயில் 'நார்மல்' என்று எழுதித் தந்தார்கள். மாடிப்படி ஒரே தாவலில் ஏறுகிறான். இது போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

மாடிப்படி கணக்கில் வராது. நல்ல தசையுள்ள இளம் நாய், மோசமான மூட்டோடும் நாலைந்து வயது வரை நொண்டாமல் ஓடும். எழுதித் தந்த 'நார்மல்' எந்தப் படத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. படத்தை வாங்கி வெளிச்சத்தில் வைத்து நீங்களே பாருங்கள்.

நாயை மல்லாத்தி, பின்னங்கால்கள் இரண்டையும் நீட்டி எடுத்த படமாக இருக்க வேண்டும். தொடை எலும்புகள் இரண்டும் ரயில் தண்டவாளம் போல இணையாகத் தெரிய வேண்டும். முழங்கால் சில்லு இரண்டும் எலும்பின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் இரண்டு ஓட்டைகள் தெரியும். அவை ஒரே அளவில் இல்லையென்றால் நாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அந்தப் படத்தை வைத்துத் தரம் சொல்ல முடியாது. மயக்க ஊசி போடாமல் நாலு பேர் பிடித்து எடுத்த படங்களில் இந்தக் கோளாறு சர்வசாதாரணம்.

படம் சரியாக இருந்தால் தொடை எலும்பின் பந்துத் தலையைப் பாருங்கள். அதில் பாதியாவது கிண்ணத்துக்குள் இருக்க வேண்டும். பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். பந்து கிண்ணத்தில் எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்று காட்டும் 'நார்பெர்க் கோணம்' எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள், 105 டிகிரியும் அதற்கு மேலும் நல்லது. நாயின் பெயர் அல்லது மைக்ரோசிப் எண்ணும் தேதியும் படத்திலேயே பதிந்திருக்க வேண்டும், பின்னால் பேனாவால் எழுதியது செல்லாது.

டிஜிட்டல் படத்தை ஓ.எஃப்.ஏ.வுக்கு அனுப்பித் தரம் வாங்கலாம். மொத்தம் ஏழு தரங்கள், மேலே உள்ள மூன்றுதான் தேர்ச்சி. முழங்கைக்குத் தனிப் படம், காலை நன்றாக மடக்கிப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். ஷெப்பர்டில் முழங்கையை விடவே கூடாது.

நல்ல தரம் வந்தாலும் உடனே சரி என்று சொல்லிவிட மாட்டோம். இடுப்புக் கோளாறு பல மரபணுக்கள் சேர்ந்து வருவது. நல்ல மூட்டுள்ள அப்பா அம்மாவுக்கும் மோசமான மூட்டுள்ள குட்டி பிறக்கும். உங்கள் நாயோடு பிறந்த ஏழெட்டு உடன்பிறப்புகளில் மூன்று நொண்டுகின்றன என்றால், இவனுடைய நல்ல எக்ஸ்-ரேக்கு மதிப்பு குறைவு. குட்டி வாங்கிய இடத்தில் கேட்டு, மற்றக் குட்டிகள் எங்கே போயின, எப்படி இருக்கின்றன என்று விசாரியுங்கள். சலிப்பான வேலைதான். எந்த ஆய்வகமும் தராத தகவல் இதில் கிடைக்கும்.

ஷெப்பர்டுக்கு டி.எம். என்ற தண்டுவட நோய்க்கான டி.என்.ஏ. சோதனையும் உண்டு. நடுவயதைத் தாண்டித்தான் பின்னங்கால் செயலிழக்கத் தொடங்கும், அதற்குள் அந்த நாய் தாத்தா ஆகியிருக்கும்.

குணத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. எங்களுக்கு அது மூட்டுக்குச் சமம். வீட்டில் இப்படிப் பாருங்கள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பத்தடி தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிடுவது தப்பில்லை. சில நொடிகளில் சமாளித்துக்கொண்டு, தட்டின் பக்கம் போய் மோந்து பார்க்கிறானா? நல்லது. கட்டிலுக்கடியில் போய்விட்டு அரை மணி நேரம் வெளியே வராவிட்டால், அல்லது தட்டைப் போட்டவர் மேலேயே பாய்ந்தால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து, நீங்கள் 'சரி' என்ற பிறகும் நாய் அடங்காமல் பின்வாங்கிக் குரைத்துக்கொண்டே இருந்தால் அது காவல் குணமில்லை, பயம். பயந்த நாய்தான் அதிகம் கடிக்கும். சாப்பாட்டுத் தட்டின் அருகே உறுமுவது, குழந்தைகளைக் கண்டால் விறைப்பது, தீபாவளி வெடிக்கு மூன்று நாள் சாப்பிடாமல் கிடப்பது, இவற்றையெல்லாம் பழக்கம் என்று மன்னிக்கிறோம். பயத்தில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது. மூன்று வயது வரை பார்த்து முடிவெடுத்தால் ஆண் நாய்க்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எங்களிடம் 20 மாத ராஜபாளையம் பெட்டை இருக்கிறது. தூய வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். 'ரத்தம் கலையாமல் இருக்க அதன் அப்பாவோடேயே சேர்த்துவிடு' என்கிறார் பெரியப்பா. சரியா?
– வாசகர், சிவகாசி

பெரியப்பா சொல்லும் தூய்மை வேறு, நாய்க்குத் தேவையானது வேறு. அப்பாவையும் மகளையும் சேர்த்தால் குட்டிகளின் நெருங்கிய உறவுக் குணகம், அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு, குறைந்தபட்சம் 25 சதவீதம். அண்ணன் தங்கைச் சேர்க்கைக்கும் அதே அளவுதான். ஒரே கெட்ட மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே குட்டிக்குள் வந்து விழ இதைவிட நல்ல வழி இல்லை. ஈற்றுக்குக் குட்டி எண்ணிக்கை குறைவது, பிறந்த வாரத்திலேயே சாவது, ஆண் குட்டிக்கு விதை இறங்காமல் போவது என்று விளைவுகள் வரிசையாக வரும். ராஜபாளையத்தின் இனத்தொகை ஏற்கெனவே சின்னது. அதைக் காப்பாற்றுவது உறவில்லாத நல்ல ராஜபாளையம் ஆணைத் தேடிப் பிடிப்பதில் இருக்கிறது. மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதி வைத்து, பொதுவான பெயர் இல்லாத ஜோடியாகப் பாருங்கள். பேப்பர் இல்லாவிட்டால் வேறு ஊர், வேறு வளர்ப்பாளர் என்று போவது பாதுகாப்பு.

அதைவிட அவசரமானது காது. வெள்ளை நிறம் அதிகமுள்ள இனங்களில் பிறவிச் செவிடு வரும், ராஜபாளையத்தில் இது தெரிந்த குறை. நிறமிச் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும்.

இரண்டு காதும் கேட்காத நாயை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். அது தூங்கும்போது, பின்னால் இருந்து, தரை அதிராமல், காற்று படாமல் சாவிக்கொத்தை ஆட்டுங்கள். கைதட்டாதீர்கள், காற்றசைவை உணர்ந்து திரும்பிவிடும். ஆனால் ஒரு காது மட்டும் கேட்காத நாயை இப்படிப் பிடிக்க முடியாது. அது இயல்பாகவே நடந்துகொள்ளும், ஆனாலும் செவிட்டுக் குட்டிகளைக் கொடுக்கும். அதற்கு 'பேயர்' என்ற செவி நரம்புச் சோதனை வேண்டும், காதுக்கு ஒன்றாகத் தனித்தனியே செய்வார்கள். எல்லா ஊரிலும் கிடைக்காது. கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றில் கேட்டுப் பாருங்கள். குட்டிகளுக்கு ஐந்து வாரத்திலேயே செய்யலாம். ஒரு காது செவிடானாலும் அந்த நாய் வீட்டுக்கு நல்ல நாய், குட்டி எடுக்க மட்டும் வேண்டாம்.

ராட்வீலர் ஆண், 13 மாதம். மேட்டிங்குக்கு நிறையப் பேர் கேட்கிறார்கள். பெட்டைக்குத்தான் பிரசவம், ஆணுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?
– வாசகர், சென்னை

பெட்டை வாழ்நாளில் மூன்று நான்கு ஈற்றுப் போடும். உங்கள் ஆண் மாதம் இரண்டு பெட்டைகளைச் சேர்ந்தால் ஒரே வருடத்தில் நூறு குட்டிக்கு மேல் அப்பா. ஆணிடம் உள்ள கோளாறுதான் ஊர் முழுக்கப் பரவும். அதனால் ஆணுக்கு விதி இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

முதலில் விதைப்பை. இரண்டும் இறங்கியிருக்கிறதா, ஒரே அளவா, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒன்று இறங்கவில்லை என்றால் இனச்சேர்க்கைக்குத் தகுதியில்லை. ஒரே ஒரு விதையோடும் குட்டி பிறக்கும் என்பது உண்மை, பரம்பரையாக அந்தக் குறையும் பிறக்கும். உள்ளே தங்கிய விதையில் கட்டி வரும் ஆபத்தும் கூடுதல். அதை எடுத்துவிட வேண்டும்.

ராட்வீலருக்கு இடுப்பு, முழங்கையோடு இதயம். இந்த இனத்தில் பெருந்தமனி வால்வுக்குக் கீழே பிறவிச் சுருக்கம் வரும். ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தே ஆக வேண்டும். லேசான சுருக்கத்தில் நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது, குட்டிக்குக் கடுமையாக வரலாம்.

விந்துப் பரிசோதனை செய்தால் நகரும் அணுக்கள் 70 சதவீதத்துக்கு மேலும், இயல்பான வடிவம் 80 சதவீதத்துக்கு மேலும் இருக்க வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 62 நாள் ஆகும். சித்திரை வெயிலில் காய்ந்த நாயோ, உண்ணிக் காய்ச்சலில் கிடந்த நாயோ இரண்டு மாதம் கழித்தும் மோசமான முடிவைக் காட்டலாம். ஒரு சோதனையை வைத்து மலடு என்று முடிவு கட்டாமல் 60 நாள் கழித்து மறுபடி எடுங்கள்.

தொற்று மூன்று. புருசெல்லா: பெட்டைக்கு 45 முதல் 55 நாளில் கரு கலையும், ஆணுக்கு விதை வீங்கும், மனிதருக்கும் தொற்றும், முழுதாகக் குணமாகாது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் முன்பு இரண்டு நாய்க்கும் ரத்தச் சோதனை. அடுத்தது டி.வி.டி. என்ற பால்வினைக் கட்டி, தெரு நாய்களோடு சேர்ந்த நாயிடம் வரும். உறுப்பின் தோலைப் பின்னுக்குத் தள்ளி, காலிஃபிளவர் மாதிரி சிவந்த சதை இருக்கிறதா, ரத்தம் சொட்டுகிறதா என்று பாருங்கள். வாராவாரம் வின்கிரிஸ்டின் ஊசியில் நன்றாகக் குணமாகும், குணமாகும் வரை சேர்க்கை கிடையாது. மூன்றாவது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பேபிசியா இரண்டும் நம் ஊரில் அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியாதது பி.சி.ஆர். சோதனையில் தெரியும், தட்டணு எண்ணிக்கை குறைவு முதல் சந்தேகம். பெட்டைக்கு இதைச் சினைக்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் சினைக் காலத்தில் குட்டியின் எலும்பையும் பல்லையும் பாதிக்கும்.

13 மாதத்துக்கான பதில்: கேட்பவர்களிடம் நாய்க்கு இரண்டு வயது நிறைந்த பிறகு வரச் சொல்லுங்கள்.

ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் கர்ப்பப்பை நோய் வராதாமே?
– வாசகி, மதுரை

வரும். ஒரு ஈற்றுப் போடுவது மடிக் கட்டியையும் தடுக்காது, கர்ப்பப்பையில் சீழ் வைப்பதையும் தடுக்காது. இரண்டையும் குறைப்பது கருத்தடை அறுவைதான். பெரிய இனத்தில் அதை ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு கூடலாம் என்பதால் எப்போது செய்வது என்று டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். அறுவை செய்யாத பெட்டை, ஹீட் முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் தண்ணீரை அதிகமாகக் குடித்து, சாப்பாட்டை ஒதுக்கினால் அன்றைக்கே ஸ்கேன் பாருங்கள்.

எல்லாச் சோதனையும் முடித்துவிட்டோம். கோல்டன் ரெட்ரீவர், 30 மாதம், எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது. ஹீட்டின் 11-ஆவது நாள் சேர்த்தால் போதுமா?
– வாசகர், திருச்சி

11-ஆவது நாள் சில நாய்களுக்குச் சரியாக இருக்கும், சிலவற்றுக்கு ஒரு வாரம் தப்பும். கருமுட்டை வெளியேறுவது 8-ஆம் நாளும் நடக்கும், 20-ஆம் நாளும் நடக்கும். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கும் ரத்தச் சோதனைதான் உறுதி. ரத்தம் கண்ட 6-ஆம் நாளிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, எப்போதும் ஒரே ஆய்வகத்தில். மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் தாண்டினால் நெருங்கிவிட்டது, 5-ஐ ஒட்டி வந்தால் முட்டை வெளியேறுகிறது. நாயின் முட்டை வெளியே வந்த பிறகு முதிர இரண்டு நாள் ஆகும். ஆகவே 5 வந்ததற்கு இரண்டு நாள் கழித்து ஒரு சேர்க்கை, மேலும் இரண்டு நாள் கழித்து இன்னொன்று. இந்தத் தேதி தெரிந்தால் பிரசவமும் 63-ஆம் நாள், ஒரு நாள் முன்பின். மேட்டிங் தேதியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 58 முதல் 72 வரை எங்கே வேண்டுமானாலும் விழும், சிசேரியன் தேவையா என்று யோசிக்கும் நேரத்தில் அது பெரிய குழப்பம்.

இரண்டும் பின்னிக்கொண்டு நிற்கும் நேரம் 5 நிமிடமும் ஆகும், அரை மணிக்கு மேலும் ஆகும். இழுத்துப் பிரிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தடுப்பூசி பாக்கி இருந்தால் ஹீட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். விலா எலும்பு தடவினால் தெரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. குண்டான கோல்டனுக்குப் பிரசவம் சிரமம். கால்சியம் சிரப் சினைக் காலத்தில் கூடவே கூடாது. வெளியிலிருந்து கிடைக்கிறதே என்று உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். குட்டிகள் பால் குடிக்கத் தொடங்கும்போது திடீரென்று ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரும். நல்ல குட்டித் தீவனத்தை ஆறாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாலே போதும்.

எட்டு குட்டி பிறந்தால் எல்லாவற்றையும் விற்றுவிட முடியுமா? வீட்டில்தானே போடுகிறது, பதிவு எல்லாம் வேண்டுமா?
– வாசகர், சேலம்

குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2017 விதி. வீட்டில் போட்டதா, பண்ணையில் போட்டதா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. 8 வாரத்துக்கு முன் குட்டியைப் பிரித்து விற்கக் கூடாது. 30-ஆம் நாளே தூக்கிக்கொண்டு போக ஆள் வரும், கொடுக்காதீர்கள். கடியின் வலுவை அடக்கக் குட்டி கற்றுக்கொள்வது கடைசி நாலு வாரத்தில், உடன்பிறந்தவற்றோடு விளையாடித்தான்.

சேர்க்கைக்கு முன்பே குறைந்தது ஐந்து வீடுகள் உறுதியாக இருக்கட்டும். 'பார்க்கலாம்' என்பவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நள்ளிரவில் சிசேரியன் செய்யும் மருத்துவமனை எது, அங்கே எவ்வளவு ஆகும் என்று இப்போதே விசாரியுங்கள். பலமாக முக்கி 30 நிமிடத்தில் குட்டி வரவில்லை என்றாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத் திரவம் வந்தாலோ காத்திருக்க நேரமில்லை. எட்டுக் குட்டியும் ஐந்தாவது வாரத்திலிருந்து நாளுக்கு நாலு வேளை சாப்பிடும். ஒருவர் முழு நேரமும் வீட்டில் இருந்தாக வேண்டும்.

வாங்குபவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எப்போது வளர்க்க முடியாமல் போனாலும் நாய் உங்களிடமே திரும்பி வர வேண்டும். நாலு வயதில் 35 கிலோ நாய் ஒன்று அப்படித் திரும்பி வந்தால் கட்டிவைக்க உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டு சேர்க்கைக்கான தேதியைக் குறியுங்கள்.